ஸ்டெப்னிக் குழியில் ஒரு மஞ்சள் மூட்டை

என் வேலையே சந்தேகப்படுவதுதான். மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒழுகாத கையுறையைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வராது. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றும். இந்தப் புத்தி தொழிற்சாலை வாசலோடு நிற்பதில்லை என்று என் மனைவி சொல்வாள். மதுரையில் இருந்தபோதே நான் இப்படித்தான் இருந்தேன், வேலை பிறகுதான் வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

பள்ளி விடுமுறையில் ஒரு வாடகைக் காரை எடுத்து மூன்று நாள் பேராக் மாநிலத்தைச் சுற்றி வருவோம் என்பது அவளுடைய யோசனை. முதலில் தைப்பிங், அங்கிருந்து கடலோரமாக லூமுட், படகில் பங்கோர் தீவு, திரும்பும்போது பத்து காஜா வழியாக வீடு. அவளும் எங்கள் ஏழு வயது மகளும் ஈப்போவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவர்கள் பார்த்ததெல்லாம் குனோங் ராபாட்டில் எங்கள் தெருவும், தெரு முடிகிற இடத்தில் சுவர்போல எழும்பி நிற்கும் சுண்ணாம்பு மலையும்தான். என்னால் மறுக்க முடியவில்லை.

ஆனால் பயம் இருந்தது. என் வேலை அனுமதி அந்த மாதம்தான் புதுப்பிப்புக்குப் போயிருந்தது. விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. போலீஸ் வழக்கு என்று ஒரு காகிதம் அதன் மேல் வந்து விழுந்தால் மூன்று பேரும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். மகள் அப்போதுதான் புதுப் பள்ளியில் ஒரு தோழியைப் பிடித்திருந்தாள். அந்த மாதம் முழுக்க நான் சாலையைக் கடப்பதைக்கூட வெள்ளைக் கோட்டின் மேல் நடந்துதான் கடந்தேன்.

காரை வாடகைக்குக் கொடுத்தவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி இருப்பவர். சுண்ணாம்புக்கல் ஆலையில் லாரி ஓட்டுகிறார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் மூடியதும் டவுனுக்கு வந்தவர்களில் ஒருவர். வீட்டில் உபரியாக நிற்கும் சின்னக் காரைத் தெரிந்தவர்களுக்கு விடுவார். நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

கிளம்பிய காலையில் அவர் ஷிப்டில் இருந்தார். சாவியை அவருடைய மனைவி கேட்டைத் திறந்து கையில் கொடுத்தார். கையெழுத்தில்லை, படிவமில்லை. இதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்கான ஆள் காகிதம் கேட்பான் என்பது என் கணக்கு. நான் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் போனில் படம் பிடித்தேன், இருபத்தேழு படம். அந்த அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். என் மனைவி வெட்கப்பட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கோலகங்சாரைத் தாண்டும்போது முதல் அழைப்பு வந்தது. மனைவி ஒலிபெருக்கியில் போட்டாள். அவர்தான். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாராம். கார் எப்படி ஓடுகிறது, டயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார்.

“அண்ணே, சொல்ல மறந்துட்டேன். காடியில பின்கதவு சரியில்லலா. தொறந்தா திரும்ப மூடாது. சாமானெல்லாம் பின்சீட்டுலயே வச்சிக்குங்க, என்னா?”

காடி என்றால் இங்கே கார், பின்கதவு என்றது டிக்கியை. நான் சரி என்றேன், ஆனால் நம்பவில்லை. அன்று காலையில் மட்டும் அந்த டிக்கியை நான்கு முறை திறந்து மூடியிருந்தேன். பெட்டியை வைக்க ஒரு முறை, மகளின் தொப்பியை எடுக்க ஒரு முறை, மற்ற இரண்டும் சும்மா பார்க்க. நான்கு முறையும் அது வெண்ணெய்போல வழுக்கி மூடிக்கொண்டது.

தைப்பிங் ஏரிக்கரையில் பெரிய மழைமரங்கள் சாலையைத் தாண்டிக் கிளைகளைத் தண்ணீர்மேல் நீட்டியிருந்தன. மகள் அதைப் பார்த்துக் கைதட்டினாள். மனைவி அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். நான் கார் பக்கம் போய் டிக்கியைத் திறந்து, பெட்டிகளை இறக்கி, தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கழற்றி வெளியே வைத்தேன். சக்கரம் இருந்த குழியில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு மூட்டை இருந்தது. மூன்று முடிச்சு. மேல் முடிச்சில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். துணியில் குங்குமம் அப்பியிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

“தொடாதீங்க. யாரோ யாருக்கோ வச்சது. மூடுங்க.”

செய்வினை என்ற சொல்லை அவள் வாயால் சொல்லவில்லை. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே பொடிபோல ஏதோ நெகிழ்ந்தது. அடியில் உள்ளங்கை அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. என் சந்தேகம் முழுதாக உருப்பெற்றது அப்போதுதான். தமிழன் எவனும் மஞ்சள் துணியில் எலுமிச்சை கட்டியதைப் பிரித்துப் பார்க்க மாட்டான் என்று தெரிந்த தமிழன் ஒருவன்தான் இதைக் கட்டியிருக்கிறான். சாமியைக் காவலுக்கு வைத்துவிட்டு உள்ளே வேறு சரக்கை அனுப்புகிறான். அதைச் சுமந்து போவதற்குக் குழந்தையோடு சுற்றுலா போகிற ஒரு குடும்பத்தைவிட நல்ல வண்டி எது? இந்த நாட்டில் அந்தச் சரக்குக்குத் தண்டனை தூக்குவரை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் என் வேலை அனுமதியெல்லாம் தூசு.

அவரிடமே கேட்டுவிட்டால் என்ன என்றாள் மனைவி. கேட்டால் உஷாராகிவிடுவான் என்றேன். போலீசிடம் கொடுக்கலாமே என்றாள். கார் என் கையில் இருக்கிறது, மேலே என் கைரேகை இருக்கிறது, யார் நம்புவார்கள் என்றேன். அவள் மகளுக்குப் பழச்சாறு வாங்கப் போனாள். நான் எல்லாவற்றையும் பழையபடி அடுக்கினேன். சக்கரத்தின் திருகை இரண்டு முறை முறுக்கிப் பார்த்தேன்.

அதன் பிறகு நான் பார்த்த ஊர் எதுவும் நினைவில் இல்லை. மனைவிக்கு எல்லாம் நினைவிருக்கிறது. வழியில் செம்பனைத் தோட்டங்கள் வந்தன என்பாள், மாங்குரோவ் காட்டருகே இறால் சாப்பிட்டோம் என்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்கண்ணாடிதான். வெள்ளைக் கார் ஒன்று பெருவாஸிலிருந்து எங்கள் பின்னாலேயே வந்தது. நான் ஓரம்கட்டினேன், அது தாண்டிப் போனது. உள்ளே இரண்டு கிழவர்கள், கூடவே ஒரு தொட்டிச் செடி. லூமுட் படகுத்துறைக் கார் நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டுப் பங்கோருக்குப் போனோம். மகள் மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். நான் கடலைப் பார்க்காமல் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் அவர் கூப்பிட்டார். எங்கே இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், வழியில் யாரையாவது பார்க்கப் போகிறீர்களா? கடைசிக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று மறுநாள் வரை யோசித்தேன்.

மூன்றாம் நாள் லூமுட்டிலிருந்து ஈப்போ சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். பேராக் ஆற்றுப் பாலம் வரப்போகிறது என்று போன் காட்டியது. எதிரே வந்த லாரி முன்விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டது. அடுத்து வந்த காரும் அப்படியே செய்தது. முன்னால் போலீஸ் நிற்கிறது என்று எதிர்வண்டிக்குச் சொல்லும் வழக்கம் அது. தொழிற்சாலையில் பலர் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினேன். மனைவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அவள் அப்படிக் கூப்பிடுவது அபூர்வம். நான் இறங்கி டிக்கியைத் திறந்து மூட்டையை எடுத்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டி முப்பது நாற்பது அடி நடந்தேன். கீழே ஆறு பால் அதிகம் விட்ட டீயின் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. போட்டேன். மஞ்சள் ஒரு நிமிடம்கூடத் தெரியவில்லை.

பாலம் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் போலீஸ் நின்றது. இளம் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், வாயைத் திறந்து தூங்கும் மகளைப் பார்த்ததும் சிரித்தார். “ஜாலான், ஜாலான்” என்று போகச் சொல்லிக் கையசைத்தார். டிக்கி பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பின்சீட்டுக்குத் திரும்பி மகளின் வாயைத் துடைத்துவிட்டாள்.

பதினைந்து நிமிடம் கழித்துப் போன் அடித்தது. இந்த முறை அவருடைய மனைவி. என் மனைவியிடம் பேச வேண்டும் என்றார்.

“அக்கா, அவரு சொல்ல வேணாம்னாரு. எனக்கு மனசு கேக்கல. ஸ்பேர் டயருக்குக் கீழ மஞ்ச துணில ஒன்னு இருக்கும். எங்க எஸ்டேட்டு முனியாண்டி கோயில் மண்ணுக்கா. கோயில இடிச்சி மட்டமாக்கிட்டாங்க, வீடு கட்டப் போறாங்க. இனிமே அள்ளணும்னாலும் அங்க மண்ணு இல்ல. பாத்து கொண்டாந்திருங்க.”

பிடிமண். எனக்குத் தெரியாததா? எங்கள் குலதெய்வமே என் கொள்ளுப்பாட்டன் வேறு ஊரிலிருந்து பிடிமண் எடுத்துவந்து வைத்ததுதான். மஞ்சள் துணி, எலுமிச்சை, குங்குமம் மூன்றும் என் கண்முன்னால் இருந்தன. நான் அதில் போதைப் பொருளைப் பார்த்தேன். காரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஏன் அதை மறைத்தார்கள் என்று அந்த அம்மா தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆட்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்தார்கள். முனியாண்டியைக் குனோங் ராபாட் மலையடியில் வைக்க வேண்டும் என்று இவர்கள், பத்து காஜா பக்கம் வைக்க வேண்டும் என்று அவர்கள். யார் கையில் மண்ணோ அவர்கள் பக்கம் சாமி. வேலி தாண்டிக் குதித்து அள்ளிவந்ததை வீட்டில் வைத்தால் எடுத்துவிடுவார்கள் என்று அவர் காரில் ஒளித்திருந்தார். ஷிப்ட் முடிந்து வந்து அவர் அதை எடுத்து வைப்பதற்குள் தெரியாமல் சாவியைக் கொடுத்தது இந்த அம்மா. எங்களிடம் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பத்து காஜாக் கூட்டத்துக்குத் தலைவர், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர்.

ஆக அவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். யாரையாவது பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டது அதற்குத்தான்.

“பத்திரமா இருக்கும்மா. நாங்க தொடவே இல்ல,” என்றாள் என் மனைவி.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் எனக்காகச் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அந்தப் பொண்ணு அழுதுவிடும்போல இருந்தது, வேறென்ன சொல்ல என்றாள். பிறகு, “இப்ப என்ன பண்றதுன்னு நீங்கதான் பாக்கணும்,” என்றாள்.

நான் பார்த்தேன். பத்து காஜா கடைத்தெருவில் ஒரு தமிழ்க் கடையில் மஞ்சள் துணியும் குங்குமமும் வாங்கினேன். எலுமிச்சம்பழம் வாடியதாக வேண்டும் என்றேன். கடைக்காரப் பாய் தினமும் நல்ல பழம் கேட்பவர்களையே பார்த்திருப்பார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூடைக்கு அடியிலிருந்து காய்ந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அவர் என்ன நினைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் நினைத்திருப்பேன்.

ஊரைத் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர் நின்று இப்போது செம்பனை நிற்கும் தோட்டத்து ஓரத்தில் காரை நிறுத்தினோம். ஒரு மரத்தடியில் குச்சியால் கிளறி மண்ணை அள்ளினேன். அடியில் கெட்டியாக ஒன்று இருந்ததே என்று நினைவு வந்தது. ஓடையோரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வழவழப்பான கல் கிடைத்தது. அதை அடியில் வைத்து, மண்ணைப் போட்டு, மூன்று முடிச்சுப் போட்டேன். மகள் விழித்துவிட்டாள். அப்பா என்ன செய்கிறார் என்று அம்மாவைக் கேட்டாள். அப்பா சாமி கும்பிடுகிறார் என்று மனைவி சொன்னாள். துணி புதிதாகப் பளபளத்ததால் அதைச் சக்கரக் குழியின் தூசியில் இரண்டு முறை புரட்டினேன். அப்போது என்னைப்போல் கேவலமானவன் அந்த வட்டாரத்தில் இல்லை என்று தோன்றியது, அதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை.

குனோங் ராபாட்டில் அவர் கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். காரைக்கூடப் பார்க்கவில்லை. கைகால் கழுவிவிட்டு வந்து மூட்டையை இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். மன்னிச்சுக்குங்கண்ணே, உங்களத் தப்பா நினைச்சிட்டேன் என்றார். நான் பரவாயில்லை என்றேன். அந்த ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு வீடு வரை நடந்துபோனது நினைவிருக்கிறது. என் அனுமதி அடுத்த வாரம் ஒரு கேள்வியும் இல்லாமல் வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மலையடியில் தகரக் கொட்டகை போட்டு முனியாண்டியை வைத்தார்கள். மண்ணைச் சுமந்து வந்த குடும்பம் என்று எங்களை முன்னால் நிறுத்தினார்கள். சண்டை வரும் என்று பயந்து எங்கள் வீட்டுக்காரரையும் அழைத்திருந்தார்கள். அவர் தன் ஆட்களோடு கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பூசாரி சூலம் நடும் குழிக்கு மேல் மூட்டையைப் பிரித்தார். மண் விழுந்தது, கூடவே கல்லும் விழுந்தது. வழவழவென்று, கழுவியதுபோல, முட்டை வடிவத்தில் ஒரு கல். எல்லோரும் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெரியம்மா, மண்ணாகப் போனவன் கல்லாக வந்திருக்கிறான் என்றாள். எங்கள் வீட்டுக்காரர் கட்டியிருந்த கையைப் பிரித்துக் கும்பிட்டார். அவருடைய ஆட்களும் வந்து குழியைச் சுற்றி நின்றார்கள். அன்றைக்குப் பொங்கல் ஒரே பானையில் வைத்தார்கள்.

மண்ணை அள்ளிவந்தவர் மட்டும் கும்பிடவில்லை. கல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் என் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்.

“மண்ண ஒரு பால் மங்குலதாண்ணே அள்ளுனேன். ரப்பர் மரம் சீவுனா பால் வடியுமே, அத புடிக்கிற மங்கு. பழைய லயத்து வீட்டுக்குப் பக்கத்துல கெடந்துச்சி. அப்படியே மங்கோடதான் கட்டுனேன்.”

நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆற்றையும் பாலத்தையும் போலீசையும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அவர் கொட்டகைப் பக்கம் தலையாட்டினார். அங்கே இரண்டு கூட்டத்துப் பெண்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வேணாம்ணே. நானும் சொல்லல,” என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, “அடுத்த லீவுக்குக் காடி வேணும்னா சொல்லுங்க. பின்னால காலியாத்தான் இருக்கும்லா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த விடுமுறையில் அதே காரைத்தான் எடுத்தோம். வேறு இடத்தில் எடுத்தால் அவர் என்ன நினைப்பார் என்று மனைவி சொன்னாள். இந்த முறை சாவியை அவரே கொடுத்தார், நான் கீறல்களைப் படம் எடுக்கவில்லை. பெட்டிகளை ஏற்றினேன். மகளும் மனைவியும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். டிக்கியை மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும். என் கை தானாகவே தரைவிரிப்பைத் தூக்கியது. ஸ்டெப்னியை நகர்த்திக் கீழே எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது அவர் தன் வீட்டுக் கேட்டுக்குள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.